தீர்மானத்தில் சர்வே எண் இருக்கிறதா?

2019 டிசம்பரில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில் நான் வார்டு உறுப்பினராகத் தேர்வானேன். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு சின்ன ஊராட்சி. உள்ளாட்சியில் பெண்களுக்கான ஒதுக்கீடு 2016-ல் 50 சதவீதமாக உயர்ந்தது. எங்கள் வார்டு பெண்கள் வார்டானது அப்படித்தான். 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு பதவிக்காலம் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர் பொறுப்புக்குப் போனது. இடைப்பட்ட காலத்தில் வீடு, ஆஸ்பத்திரி, வேலை, ரோடு என்று நான்கு விஷயங்களுக்காக யூனியன் ஆபீஸுக்கும் தாலுகா ஆபீஸுக்கும் அலைந்ததில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். மெம்பராகப் போகிறவர்களுக்கும், பதவி எதுவும் இல்லாமல் ஊர்க் காரியத்துக்காக மனு எழுதுகிறவர்களுக்கும் உதவும்.

பதவிக்கு வந்ததும் ஊராட்சி செயலரிடம் கேட்டு பழைய மினிட் புத்தகங்களை வாங்கிப் படித்தேன். "காலனிக்குச் சாலை வசதி செய்து தர வேண்டும் என ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது." இதே வரி பல வருடங்களாக, பல பேர் கையெழுத்தில், திரும்பத் திரும்ப இருந்தது. கேட்டவர்களும் மாறிவிட்டார்கள், எழுதியவர்களும் மாறிவிட்டார்கள், ரோடு மட்டும் வரவில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் ஜனங்கள் கேட்டிருக்கிறார்கள், தீர்மானமும் போட்டிருக்கிறார்கள். பிறகு ஏன் நடக்கவில்லை? அந்த வரியில் ரோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று இல்லை. நிலம் யாருடையது என்று இல்லை. எந்த நிதியில் செய்வது என்றும் இல்லை. இந்த மூன்றும் இல்லாத தீர்மானத்தை வைத்துக்கொண்டு எந்த அதிகாரியாலும், நல்ல மனசு இருந்தாலும், ஒரு எஸ்டிமேட் போட முடியாது.

ரோட்டிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் மற்ற மூன்றையும் எனக்குப் புரியவைத்தது அந்த ரோடுதான்.

மெயின் ரோட்டிலிருந்து காலனிக்கு ஒரு செம்மண் பாதை. வெயில் காலத்தில் பிரச்சினை இல்லை. ஐப்பசி பிறந்தால் சைக்கிளைத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். 108 வண்டி மெயின் ரோட்டிலேயே நின்றுவிடும். பிரசவ வலியெடுத்தவளைக் கட்டிலோடு தூக்கி வந்த குடும்பங்கள் உண்டு. எங்கள் மாவட்டத்தில் 1990-களின் தொடக்கத்தில் எழுத்தறிவுக்காக நடந்த அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். எங்கள் அம்மாக்களின் தலைமுறை அது. அவர்கள் மகள்கள் வேலைக்குப் போகும் காலத்திலும் அந்தச் சைக்கிளை ஓட்ட ரோடு இல்லை. 2021-ல் டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. அந்தப் பஸ்ஸைப் பிடிக்கவே சேற்றைத் தாண்ட வேண்டியிருந்தது.

ரோடு விஷயத்தில் முதலில் கேட்க வேண்டியது "இது யாருடைய ரோடு?" என்பது. ஊராட்சி ரோடு, ஊராட்சி ஒன்றிய ரோடு, நெடுஞ்சாலைத் துறையின் மாவட்டச் சாலைகள், மாநில நெடுஞ்சாலை, தேசிய நெடுஞ்சாலை என்று ஒவ்வொன்றுக்கும் பொறுப்பு வேறு. நெடுஞ்சாலைத் துறை ரோட்டில் இருக்கும் பள்ளத்துக்கு ஊராட்சித் தலைவரைத் திட்டிப் பயனில்லை. திங்கட்கிழமை மனுநாளில் கலெக்டரிடம் கொடுத்தாலும், தவறான துறைக்குப் போன மனு "இவ்வலுவலகத்தைச் சார்ந்ததல்ல" என்ற பதிலோடு வந்து நிற்கும். யூனியன் ஆபீஸில் சாலைப் பதிவேடு இருக்கிறது. ஒவ்வொரு ரோட்டுக்கும் பெயர், தொடக்கம், முடிவு, நீளம், அகலம், மண்ணா மெட்டலா தாரா என்ற விவரம் எல்லாம் அதில் இருக்கும். உங்கள் ஊர் ரோடுகள் அதில் எப்படிப் பதிவாகியிருக்கின்றன என்று எழுதி வாங்குங்கள். வாயால் கேட்டுக் கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு விண்ணப்பித்தால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

எங்கள் காலனிப் பாதை அந்தப் பதிவேட்டிலேயே இல்லை. அத்தனை வருடத் தீர்மானங்களும் நின்றது இங்கேதான். மாநில அரசு முதல்வரின் கிராமச் சாலைகள் மேம்பாட்டுத் திட்டத்தில் 4,000 கோடி ரூபாயில் 10,000 கிலோமீட்டர் ரோடு போட அறிவித்தபோது பக்கத்து ஊராட்சிகளில் நல்ல ரோடுகள் வந்தன. அந்தத் தொகையெல்லாம் பதிவேட்டில் இருக்கிற ரோடுகளுக்கு வருவது. மத்திய அரசின் கிராமச் சாலைத் திட்டம் 2000-ல் தொடங்கியபோது சமவெளிப் பகுதியில் 500 பேருக்கு மேல் வசிக்கும் குடியிருப்பைத்தான் கணக்கில் எடுத்தது. எங்கள் காலனி அதற்கும் சின்னது.

சரி, பதிவேட்டில் ஏற்ற என்ன வேண்டும்? நிலம் பாதையாக இருக்க வேண்டும். வி.ஏ.ஓ.விடம் கிராம வரைபடத்தையும், எந்த சர்வே எண் யாருடையது, என்ன வகை நிலம் என்று சொல்லும் அ-பதிவேட்டையும், அந்தந்த சர்வே எண்ணின் அளவுகளைக் காட்டும் எஃப்.எம்.பி. வரைபடத்தையும் பார்த்தோம். பாதையின் முதல் பாதி வண்டிப்பாதை புறம்போக்கு. அதில் சிக்கலே இல்லை. அதற்குப் பிறகு பாதை மூன்று பேருடைய பட்டா நிலத்துக்குள் நுழைகிறது. இரண்டு தலைமுறையாக ஊரே நடந்தாலும் பதிவேட்டில் அது புஞ்சை.

நில உரிமையாளர்களிடம் பேசப் போனோம். அதில் பெரியவர் ஒருவர், "நடந்து போகட்டும்னுதான் இத்தனை வருசமா விட்டிருக்கோம் ஆத்தா. எழுதிக் குடுன்னா அது வேற பேச்சு" என்றார். அவர் கோபப்படவில்லை. அவருக்கு மொத்தமே ஒரு ஏக்கருக்கும் குறைவு. பாதை அதன் நடுவே குறுக்காகப் போகிறது. எழுதிக் கொடுத்தால் நிலம் இரண்டு துண்டாகி ஏர் ஓட்டவே வசதிப்படாது. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இங்கே ஊர்ப் பெரியவர்களைக் கூட்டி அழுத்தம் கொடுக்கிற வழக்கம் உண்டு. அந்த வழியில் போகக் கூடாது என்று நானும் இன்னொரு மெம்பரும் உறுதியாக இருந்தோம். எஃப்.எம்.பி.யை விரித்து வைத்துப் பார்த்தபோது ஒரு வழி தெரிந்தது. பாதையைக் கொஞ்சம் தள்ளி இரண்டு பட்டாக்களின் எல்லையை ஒட்டிக் கொண்டுபோனால், இரு பக்கத்தாருக்கும் ஓரத்தில் ஒரு கீற்று மட்டும் போகும். நடக்கிறவர்களுக்கு ஒரு வளைவு கூடும், அவ்வளவுதான். சர்வேயர் வந்து அளந்து கல் ஊன்றினார். மூவரும் தானப் பத்திரம் பதிவு செய்தார்கள். ஊராட்சி அதை ஏற்றுத் தீர்மானம் போட்டது. ரோடு சாலைப் பதிவேட்டில் ஏறியது அதன் பிறகுதான்.

இந்த நிலையில் நாங்கள் எழுதிய தீர்மானத்தின் வாசகத்தைச் சொல்கிறேன், மாதிரிக்கு உதவும். இன்ன மெயின் ரோட்டில் இன்ன சர்வே எண் அருகே தொடங்கி, இன்ன சர்வே எண்கள் வழியாக, காலனி மேல்நிலைத் தொட்டி வரை இத்தனை மீட்டர் நீளமும் இத்தனை மீட்டர் அகலமும் உள்ள பாதை. நிலம் புறம்போக்கு மற்றும் தானப் பத்திர எண் இன்னது மூலம் ஊராட்சிக்குச் சேர்ந்தது. முதல் கட்டமாக மண் வேலையும் கிராவல் வேலையும் வேலை உறுதித் திட்டத்திலும் (நூறு நாள் வேலை), மேற்பரப்பு வேலை நிதி இருப்புக்கேற்பவும் எடுத்துச் செய்ய வேண்டும். தண்ணீர் குறுக்கே போகும் இடங்களில் குழாய்ப் பாலம் எஸ்டிமேட்டில் சேர்க்கப்பட வேண்டும். நீளமான வாசகம்தான். ஓவர்சீயர் அதைப் பார்த்துவிட்டு, "இதை வச்சே எஸ்டிமேட் போட்டுடலாம்மா" என்றார்.

குழாய்ப் பாலத்தைக் குறிப்பிட்டுச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஓவர்சீயர் அளக்க வருவது பெரும்பாலும் வெயில் காலத்தில். காய்ந்து கிடக்கும் தரையில் தண்ணீர் வரும் இடம் அவருக்கு எப்படித் தெரியும்? ஊரில் மாடு மேய்க்கிற ஒரு அண்ணனையும் வயதான இரண்டு பேரையும் கூடவே நடக்கச் சொன்னோம். கார்த்திகை மழையில் கண்மாய்க்கு வரத்து எந்த இடத்தில் பாதையைத் தாண்டுகிறது என்று அவர்கள் குச்சியை ஊன்றிக் காட்டினார்கள். அந்த இடங்களில் குழாய் பதித்ததால்தான் ரோடு முதல் மழையில் அறுத்துக்கொண்டு போகாமல் நின்றது. வரத்தும் அடைபடவில்லை. ரோட்டுக்காக வாய்க்காலை மூடிவிட்டுக் கண்மாய் நிறையாமல் தவிக்கிற ஊர்களை எங்கள் பக்கத்திலேயே பார்க்கலாம்.

இனி வீடு. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது எங்கள் மாவட்டத்தில் கூரை வீடுகள் பட்ட பாடு தெரிந்ததே. காலனியில் பல குடும்பங்கள் அதன்பிறகு வருடக் கணக்கில் தார்ப்பாய்க்கு அடியில்தான் இருந்தன. நான் மெம்பரானதும் முதலில் வந்த கேள்வி, "எனக்கு எப்ப வீடு வரும்?"

பிரசிடெண்ட் நினைத்தால் வீடு கொடுத்துவிடுவார் என்ற நம்பிக்கை ஊரில் பலமாக இருக்கிறது. அதனால் வாக்குறுதிகளும் ஏமாற்றங்களும் அதிகம், சமயத்தில் பணமும் கை மாறுகிறது. பிரதமரின் வீட்டு வசதித் திட்டத்தின் கிராமப் பிரிவு 2016-ல் வந்தது. அதற்கு அடிப்படை 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்புப் பட்டியல். விடுபட்டவர்களுக்காகப் பின்னால் இன்னொரு கணக்கெடுப்பு நடந்தது. பட்டியலில் பெயர் இருந்தால்தான் வரிசையில் நிற்கவே முடியும். அந்தப் பட்டியலை கிராம சபையில் வரிசை எண்ணோடு முழுதாக வாசிக்கச் சொல்ல மக்களுக்கு உரிமை உண்டு. தகுதி இல்லாதவர் பெயரை ஆட்சேபிக்கவும் உரிமை உண்டு. நாங்கள் வாசிக்கச் சொன்னோம். மாடி வீட்டுக்காரர் பெயர் வாசிக்கப்பட்டபோது கூட்டமே திரும்பிப் பார்த்தது. யாரும் சண்டை போடத் தேவைப்படவில்லை; பெயர் நீங்கியது.

வீட்டு விஷயத்தில் பட்டியலைவிடப் பெரிய தடை பட்டா. எங்கள் வார்டில் கூரை வீடு ஒவ்வொன்றுக்கும் போய், யார் பெயரில் இருக்கிறது, எந்த வகை நிலம் என்று ஒரு நோட்டில் எழுதினோம். மகளிர் குழுப் பெண்கள்தான் எழுதினார்கள். சொந்தப் பெயரில் பட்டா வைத்திருந்தவர்கள் கொஞ்சம் பேர். மிச்சப் பேரில் பாதிக்கு மேல், பட்டா தாத்தா பெயரிலோ இறந்துபோன அப்பா பெயரிலோ இருந்தது. அண்ணன் தம்பிகள் வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டு ஆளுக்கொரு மூலையில் கூரை போட்டிருக்கிறார்கள். பத்திரமும் இல்லை, பிரிவினையும் இல்லை. இன்னும் சிலர் நத்தத்தில், அதாவது ஊர்க் குடியிருப்புக்கென்று உள்ள நிலத்தில், பட்டா இல்லாமல். கடைசியாக, கண்மாய்க் கரைப் புறம்போக்கில் சில குடும்பங்கள்.

தாத்தா பெயர்ப் பட்டாக்காரர்களுக்கு நாங்கள் சொன்னது ஒன்றுதான்: திட்டம் வரும்வரை காத்திருக்காதீர்கள், வாரிசுச் சான்றும் பெயர் மாற்றமும் இப்போதே வாங்குங்கள். வாரிசுச் சான்றுக்கு இறப்புச் சான்று வேண்டும். வீட்டில் நடந்த பழைய சாவுகளுக்கு இறப்புப் பதிவே இருக்காது. அதற்குத் தனியாக மனு. இப்படி ஒன்று ஒன்றாகப் பின்னால் போனால் நாள் ஓடிவிடும். திட்ட அறிவிப்பு வந்ததும் கொடுக்கும் கால அவகாசத்துக்குள் இதெல்லாம் முடிகிற காரியமில்லை.

2024-ல் கலைஞரின் கனவு இல்லம் திட்டம் வந்தது. 2030-க்குள் 8 லட்சம் கான்கிரீட் வீடுகள், ஒரு வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய், 360 சதுர அடி. குடிசையில் இருப்பவராகவும், மனை தன் பெயரில் உள்ளவராகவும் இருக்க வேண்டும். முன்பே காகிதங்களைச் சரிசெய்து வைத்திருந்த குடும்பங்கள் எங்கள் வார்டிலிருந்து உடனே உள்ளே போயின. பக்கத்து வார்டில் எங்களைவிட மோசமான குடிசையில் இருந்தவர்கள், பட்டா தாத்தா பெயரில் இருந்த ஒரே காரணத்தால் நின்றுபோனார்கள். அதைப் பார்க்க எனக்கு மனசு தாங்கவில்லை. மிகவும் ஏழைகளிடம்தான் காகிதம் குறைவாக இருக்கும். அவர்களைத்தான் திட்டம் முதலில் தேட வேண்டும். வருவாய்த் துறை முகாம் போட்டு அந்தந்த ஊரிலேயே வாரிசுச் சான்றும் பெயர் மாற்றமும் முடித்துக் கொடுத்துவிட்டு அப்புறம் வீட்டுத் திட்டத்தை அறிவித்தால் எத்தனையோ குடும்பம் தப்பும்.

வீடு ஒதுக்கியபின் வரும் சிக்கலையும் சொல்ல வேண்டும். பணம் கட்டம் கட்டமாகத்தான் வரும்: அடித்தளம் முடிந்தபின் ஒரு தொகை, கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் லிண்டல் மட்டத்துக்கு ஒன்று, கூரை போட்டபின் ஒன்று, முடிந்தபின் மிச்சம். அப்படியென்றால் அடித்தளம் போடக் கையில் காசு வேண்டும். எங்கள் பெண்கள் குழுவில் கடன் எடுத்துத்தான் தொடங்கினார்கள். இங்கே ஒரு எச்சரிக்கை. அஸ்திவாரம் தோண்டும்போதே கொத்தனார், "இன்னும் ரெண்டு அடி தள்ளிப் போட்டா ஹால் பெருசா வருமே" என்பார். ஆசை யாருக்கு இல்லை? அப்படிப் பெரிதாக்கிய வீடுகள்தான் லிண்டல் மட்டத்தில் செடி முளைத்து நிற்கின்றன. காலனியில் புருஷனை இழந்த ஒரு அக்கா, சொன்ன அளவுக்கு ஒரு அங்குலமும் கூட்டாமல் கட்டினார். பின்பக்கம் சுவரில் கதவுக்கு மட்டும் இடம் விட்டுச் செங்கல் வைத்து அடைத்து வைத்திருக்கிறார், மகன் சம்பாதித்தால் அந்தப் பக்கம் ஒரு அறை எடுப்பதற்கு. நான் பார்த்ததில் நல்ல திட்டமிடல் அதுதான்.

ஆஸ்பத்திரி விஷயத்தில் எங்கள் ஊர் கேட்டுக்கொண்டே இருந்தது கிடைக்க முடியாத ஒன்றை. "எங்கள் ஊருக்கு ஆரம்ப சுகாதார நிலையம் வேண்டும்" என்பது வருடா வருடம் தீர்மானம். சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது பொது அளவு. எங்கள் ஊராட்சியின் ஜனத்தொகையை வைத்து ஆரம்ப சுகாதார நிலையம் வரவே வராது. துணை சுகாதார நிலையம் ஏற்கெனவே எங்களையும் பக்கத்து ஊர்களையும் சேர்த்து ஒன்று உண்டு. அது ஒரு வாடகை வீட்டில், கர்ப்பிணிகளைப் படுக்க வைத்துப் பார்க்கக்கூட இடமில்லாமல் நடந்தது. கிராம சுகாதார செவிலியர் எங்களிடம் சொன்னார்: "கட்டடத்துக்கு நிதி வர வாய்ப்பு இருக்கும்மா, 15-ஆவது நிதிக்குழுவில சுகாதாரத்துக்குன்னு தனியாவே இருக்கு. இடம் காட்டுங்க."

மறுபடியும் இடம். இந்த முறை எங்களுக்கு வழி தெரிந்திருந்தது. நீர்நிலைப் புறம்போக்கைத் தொடக் கூடாது. மேய்ச்சல் புறம்போக்கு என்றால் நடைமுறை நீளும். நத்தத்தில் காலி இடம் இருந்தால் அதுவே சுலபம். ஊர்க்காரர்கள் கோயில் பக்கத்து இடத்தைக் காட்டினார்கள், நம் ஊருக்கு நடுவில் இருக்க வேண்டும் என்று. செவிலியர் பஸ் நிறுத்தத்தை ஒட்டிய இடம் வேண்டும் என்றார், மற்ற ஊர்க் கர்ப்பிணிகள் இறங்கி நடக்கும் தூரத்தை நினைத்து. வார்டுக் கூட்டத்தில் இது பெரிய வாக்குவாதமானது. தடுப்பூசிக்குக் கைக்குழந்தையோடு பஸ்ஸில் வந்து இறங்குகிறவள் நம் ஊரில் கட்டிக்கொடுத்த பெண்ணாகவும் இருப்பாள், நம் ஊரிலிருந்து கட்டிக்கொண்டு போனவளாகவும் இருப்பாள் என்று ஒரு அப்பத்தா சொன்ன பிறகுதான் அடங்கியது. பஸ் நிறுத்தம் முடிவானது. ஊராட்சி தீர்மானம், தாசில்தார் வழியாக நில மாற்றம், சுகாதாரத் துறையின் கருத்துரு என்று அது தன் வேகத்தில் நகர்ந்தது.

கட்டடம் இல்லாமலே செய்ய முடிந்தவையும் இருந்தன. 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் எங்கள் பக்கமும் வந்தபோது, சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வீட்டுக்கே வந்தது. அந்தத் தன்னார்வலர் குழுப் பெண்ணிடம்தான் எந்தத் தெருவில் யாருக்கு என்ன என்ற முழு விவரமும் இருந்தது. திட்டம் எழுதும்போது அவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஆட்கள் பெயரை வெளியில் சொல்லாமல் தெருவாரியாக எண்ணிக்கை மட்டும் வாங்கினாலே போதும், எங்கே தெருவிளக்கு வேண்டும், எங்கே படிக்கட்டுக்குப் பதில் சரிவு வேண்டும் என்பதுவரை தெரிந்துவிடும்.

வேலை என்றால் எங்கள் பக்கம் நூறு நாள் வேலை. என் பதவிக்காலத்தில் இருந்த 2005-ஆம் வருடச் சட்டத்தின் விதிகளைத்தான் சொல்கிறேன். விதிகளும் கூலியும் மாறிக்கொண்டிருக்கும், நடப்பில் உள்ளதை யூனியனில் கேட்டுக்கொள்ளுங்கள். வேலை கேட்டு எழுத்தில் கொடுத்தால் தேதி போட்ட ரசீது தர வேண்டும், 15 நாளுக்குள் வேலை தர வேண்டும், இல்லையென்றால் வேலையில்லாப் படி. ரசீது வாங்காததால்தான் "வேலை கேட்கவே இல்லையே" என்ற பதில் வந்தது. குழுவாக, ஒரே மனுவில், எல்லோர் அட்டை எண்ணையும் எழுதிக் கொடுக்கத் தொடங்கியபின் நிலைமை மாறியது.

பலருக்குத் தெரியாத இன்னொன்று: அந்தத் திட்டத்தில் கூலிக்கு 60 பங்காவது போக வேண்டும், பொருளுக்கு 40 பங்குக்கு மேல் போகக் கூடாது என்று இருந்தது. சிமெண்ட் ரோடு, பேவர் பிளாக் எல்லாம் பொருள் செலவு. ஊரில் உழைப்பு வேலை குறைவாக நடந்தால் பொருள் வேலைக்கான இடமும் சுருங்கிவிடும். அதாவது வரத்து வாய்க்கால் தூர்வார மண்வெட்டி பிடித்த பெண்களின் கூலிக் கணக்கில்தான் காலனி ரோட்டுக்கான பொருள் செலவும் கிடைத்தது. "மரத்தடியில் உட்கார்ந்து காசு வாங்குகிறார்கள்" என்று ஏளனம் பேசுகிறவர்களிடம் இதைத்தான் சொல்வேன்.

வேலைகளைத் தேர்ந்தெடுப்பதும் காலமும் முக்கியம். கடலை பறிக்கும் நாளிலும் நடவு நாளிலும் இந்த வேலையை வைத்தால் விவசாயிக்கும் கூலிக்காரருக்கும் மனக்கசப்புதான் மிஞ்சும். அறுப்பு முடிந்து கண்மாய் வற்றியிருக்கும் பங்குனி, சித்திரையில் தூர்வாரும் வேலை வருமாறு முன்கூட்டியே பணிப்பட்டியலில் எழுதச் சொன்னோம். சிறு விவசாயி நிலத்தில் பண்ணைக் குட்டை, ஆட்டுக் கொட்டகை ஆகியவையும் இதில் இருந்தன; கேட்டவர் குறைவு. இதைத் தாண்டி ஊருக்கென்று சொந்த வருமானம் வேண்டும் என்ற ஆசை எனக்கு இப்போதும் இருக்கிறது. கோவை மாவட்டம் ஓடந்துறை ஊராட்சி 2006-ல் சுமார் 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை வாங்கி மின்வாரியத்துக்கு மின்சாரம் விற்றது. எல்லா ஊராலும் அது முடியாது. ஆனால் கையில் சொந்தக் காசு உள்ள ஊராட்சி யாரையும் எதிர்பார்க்காமல் முடிவெடுக்கும்.

ஏனென்றால் ஊராட்சிக்கு வருகிற பணத்தில் நம் இஷ்டத்துக்குச் செலவழிக்கக்கூடியது கொஞ்சம்தான். மாநில நிதிக்குழு மானியத்தில் பெரும்பகுதி தெருவிளக்கு, மோட்டார் கரண்ட் பில்லுக்கும் குடிநீர்க் கட்டணத்துக்கும் போய்விடும். 15-ஆவது நிதிக்குழுவின் மானியத்தில் 2021-க்குப் பிறகு 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டிப்போடப்பட்டது. மிச்ச 40 சதவீதத்தில்தான் ஊர் தீர்மானிக்கும் வேலைகள். கேரளத்தில் 1996-ல் மக்கள் திட்டம் தொடங்கியபோது மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்கே கொடுத்தார்கள். அரசியல் சட்டத்தின் 11-ஆவது அட்டவணையில் ஊராட்சிகளுக்குக் கொடுக்கக்கூடிய பொறுப்புகள் என்று 29 விஷயங்கள் நமக்கும் எழுதப்பட்டிருக்கின்றன. பணமும் ஆளும் கூடவே வந்தால்தான் அந்த அட்டவணைக்கு உயிர் வரும். அது வரும்வரை, இருக்கிற கொஞ்சத்தை யாரும் மறுக்க முடியாதபடி துல்லியமாகக் கேட்க வேண்டியிருக்கிறது.

எப்போது கேட்பது? கிராம சபை இப்போது வருடத்துக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இதில் அக்டோபர் 2 கூட்டத்தைத் தவறவிடக் கூடாது. அடுத்த நிதியாண்டுக்கான கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் எழுதும் வேலை அதையொட்டித்தான் தொடங்கும். அந்தத் திட்டத்தில் ஏறி, மத்திய அரசின் இ-கிராம்ஸ்வராஜ் இணையதளத்தில் பதிவான வேலைக்குத்தான் நிதிக்குழுப் பணம். ஜனவரியில் எழுந்து நின்று கேட்கிறவருக்கு "அடுத்த வருசம் பார்க்கலாம்" என்று பதில் வருவது இதனால்தான். தளத்தில் உங்கள் ஊராட்சியைத் தேர்ந்தெடுத்தால் திட்டத்தில் என்ன இருக்கிறது, எவ்வளவு செலவானது என்று போனிலேயே பார்க்கலாம். எங்கள் வார்டில் பாலிடெக்னிக் படிக்கிற ஒரு தம்பிதான் எல்லோருக்கும் எடுத்துக் காட்டினான்.

கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்ற விஷயத்தையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ஜனத்தொகை 500 வரை இருந்தால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வர வேண்டும். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவதும், வீட்டுக்கு நோட்டை அனுப்பிக் கையெழுத்து வாங்குவதும் நடக்கிற ஊரில் என்ன பேசினாலும் நிற்காது. கூட்டம் முடிவதற்கு முன் தீர்மானங்களை எண்ணோடு வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்த பக்கத்தைப் போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தைக் கவனிக்க அரசு சார்பில் பற்றாளராக வரும் அதிகாரி முன்னிலையில் கேட்டால் மறுக்க மாட்டார்கள்.

பெண்கள் கிராம சபையில் வாய் திறக்கத் தயங்குகிறார்கள். ஆண்கள் முன்வரிசையில் நாற்காலியில், பெண்கள் பின்னால் தரையில். அதனால் அக்டோபர் 2-க்கு முந்தைய வாரங்களில் தெருத் தெருவாகச் சாயங்காலம் உட்கார்ந்து பேசினோம். சமைக்கும் நேரம், பால் கறக்கும் நேரம் தவிர்த்து. அங்கே வந்த பேச்சில் பாதி நான் நினைத்தே பார்க்காதவை: குளிக்கும் இடத்துக்குத் தடுப்பு, ரேஷன் கடைக்குப் போகும் வழியில் விளக்கு, பிள்ளைகளை அங்கன்வாடிக்கு விட்டுவிட்டு வேலைக்குப் போக வசதியாகக் காலையில் ஒரு பஸ். பஸ் கேட்டு போக்குவரத்துக் கழகத்துக்கு எழுதும்போது, அந்த நேரத்தில் எத்தனை பேர் எங்கே வேலைக்குப் போகிறார்கள் என்ற பட்டியலையும் கையெழுத்தோடு இணைத்தோம்.

கண்மாய்க் கரைக் குடும்பங்களின் காரியம் இன்னும் முடியவில்லை. நீர்நிலைப் புறம்போக்கில் பட்டா கிடைக்காது. 2007-ஆம் வருட ஏரிகள் பாதுகாப்புச் சட்டப்படி அகற்றும் நோட்டீஸ் என்றைக்கும் வரலாம். அவர்கள் இடத்தை விட மறுக்கவில்லை, போக ஓர் இடம் கேட்கிறார்கள். காலனிக்கு மேற்கே ஒரு தரிசுப் புறம்போக்கை அடையாளம் கண்டு, சர்வே எண்ணோடு வீட்டுமனைப் பட்டா கேட்டு மனு கொடுத்தோம். மனு தாலுகா ஆபீஸில் இருக்கிறது. அதன் நகல், பெற்றுக்கொண்ட ரசீது, தீர்மான நகல், குடும்பங்களின் ஆதார், ரேஷன் கார்டு நகல்கள் எல்லாவற்றையும் ஒரு ஃபைலாகப் போட்டு ஊராட்சி அளவிலான மகளிர் கூட்டமைப்பின் அலமாரியில் வைத்திருக்கிறோம். மெம்பர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கூட்டமைப்பு இருக்கும் என்பதால் அங்கே வைத்தோம். ஒவ்வொரு கிராம சபையிலும் கூட்டமைப்பின் செயலாளர் அந்த மனு எண்ணைச் சொல்லி நிலை என்ன என்று கேட்கிறார். பதிலையும் மினிட்டில் எழுத வைக்கிறார்.